நீலத்தைக் கட்டி மேய்ப்பது

சொத்தைப் பல்லை அடைக்க இப்போது பெரும்பாலும் பல் நிறத்துப் பசையைத்தான் வைக்கிறார்கள். மருத்துவர்கள் அதைக் கம்போசிட் என்பார்கள். ஒளி புகாத சிரிஞ்சில் வரும். உளுந்தளவு பிதுக்கித் தட்டில் வைத்துவிட்டு, நோயாளியின் கன்னத்தில் பஞ்சை மாற்றிக் கொஞ்சம் பேச்சும் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பசையின் மேல்பகுதி இறுக ஆரம்பித்திருக்கும். கருவியால் தடவினால் இழையாது; சுருண்டு கருவியோடு வந்துவிடும். தட்டின் மேல் விழும் வெளிச்சம் எவ்வளவு பளிச்சோ, அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும்.

பசைக்குள் கேம்பர்குவினோன் என்ற பொருள் சொற்ப அளவில் கலந்திருக்கிறது. கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைப்பது. கற்பூரம் வெள்ளை, இது நல்ல மஞ்சள். நீல ஒளியை விழுங்கிவிடுவதால்தான் அந்த மஞ்சள். 468 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தை அது மிக அதிகமாக விழுங்கும். விழுங்கியதும் கிளர்ச்சியடைந்து, பக்கத்தில் இருக்கும் அமீன் மூலக்கூறிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அப்போது பிறக்கும் தனி உறுப்புகள் பசையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகின்றன. கொஞ்ச நேரத்தில் கூழ் கெட்டியாகிவிடுகிறது. மருத்துவர் பல்லருகே பிடிக்கும் சிறிய நீல விளக்குக்கு இதைத் தவிர வேறு வேலை இல்லை.

இனி, நாற்காலிக்கு மேலே எரியும் வெள்ளை எல்இடி விளக்குக்கு வருவோம். சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. நீலம்தான் முப்பது வருடம் போக்குக் காட்டியது. நகோயாவில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும், தொகுஷிமாவில் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுராவும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1993-ல் நிச்சியா பிரகாசமான நீல எல்இடியை வெளியிட்டது. 1996-ல் அந்த நீலச் சில்லின் மேல் சீரியம் கலந்த மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசி வெள்ளை எல்இடியைக் கொண்டுவந்தது. நீலத்தில் ஒரு பங்கு பூச்சைத் தாண்டி அப்படியே வெளியேறுகிறது. மற்றதைப் பூச்சு விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. இரண்டும் கலந்து வருவதை நம் கண் வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. 2014-ல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நம் வீட்டிலும் கடையிலும் எரியும் வெள்ளை எல்இடிகளில் அநேகமாக எல்லாமே மஞ்சள் பூச்சு போர்த்திய நீல எல்இடிகள். பல்லைக் காட்டும் விளக்கிலும், பசையை இறுக்கும் விளக்கிலும் இருப்பது ஒரே குடும்பத்துச் சில்லு. முன்னதில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம், பூச்சோடு. பின்னதில் 460-ஐ ஒட்டிய நீலம், பூச்சில்லாமல். பல் மருத்துவமனைக்கு வெளிச்சம் அமைப்பதில் பாதிக்கு மேல் இந்த நீலத்தைக் கட்டி மேய்க்கிற வேலைதான். எங்கே விடுவது, எங்கே நிறுத்துவது, அதன் கூடவே வருகிற குறையை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசிக்க ஆரம்பித்தால் பேனல், வாட், விலை எல்லாம் பின்னால் தானாக வந்து சேரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாற்காலியோடு இணைந்த விளக்கு வாய்க்குள் 20,000 லக்ஸ் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு வெண்ணொளியின் ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஆறேழு மில்லிவாட். அதில் கேம்பர்குவினோனுக்குத் தீனியாகும் நீலம் இரண்டு மில்லிவாட் இருந்தால் அதிகம். மருத்துவர் கையில் இருக்கும் நீல விளக்கோ 1,000 மில்லிவாட் கொடுக்கும். ஐந்நூறில் ஒரு பங்குதானே, பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தனி உறுப்புகளால் நடக்கும் இந்த வகைப் பலபடியாக்கத்தின் வேகம் ஒளியின் அளவோடு நேராகக் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்தோடு குறைகிறது. தனி உறுப்புகள் இரண்டிரண்டாகச் சந்தித்தால்தான் அழிகின்றன. அவை குறைவாக இருக்கும்போது ஒன்றையொன்று சந்திப்பதும் அரிது. ஆக, ஒளி 500 மடங்கு குறைந்தாலும் வேகம் 22 மடங்குதான் குறைகிறது. நீல விளக்கில் 10 விநாடியில் நடப்பது, மேலே எரியும் வெள்ளை விளக்கில் நான்கு நிமிடத்துக்குள் நடந்துவிடும். பசை முழுதாக இறுகவும் வேண்டியதில்லை. கொஞ்சம் கோத்துக்கொண்டாலே இழைக்க வராது.

பசை தயாரிப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. ஐஎஸ்ஓ 4049 என்ற தரவிதி, 8,000 லக்ஸ் வெளிச்சத்தில் 60 விநாடி வைத்தாலும் பசை ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒரு நிமிடம்தான் மருத்துவருக்கு உத்தரவாதம். கடைவாய்ப் பல்லில் மேடு பள்ளம் செதுக்க ஒரு நிமிடம் எந்த மூலைக்கு? அதனால்தான் நல்ல நாற்காலி விளக்குகளில் மஞ்சள் வெளிச்சத்துக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. சிலவற்றில் ஒரு மஞ்சள் வடிகட்டி குறுக்கே வந்து நிற்கும். சிலவற்றில் வெள்ளைச் சில்லுகள் அணைந்து, நீலமே இல்லாத சில்லுகள் எரியும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். வடிகட்டி வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தனிச் சில்லுகள் என்றால் அந்த வெளிச்சத்துக்கென்றே எண்ணிக்கையைக் கணக்கிட்டு வைக்கலாம்.

நாற்காலி விளக்கை மஞ்சளுக்கு மாற்றிவிட்டு, கூரையில் நீலம் தூக்கலான 6,500 கெல்வின் பேனல் முழு வீச்சில் எரிந்துகொண்டிருப்பதைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு. மருத்துவரின் கண்ணாடியில் மாட்டிய லூப் விளக்கையும் அப்படியே விட்டுவிடுவார்கள். லூப் விளக்கு பார்வைக் கோட்டிலேயே அடிப்பதால் பசையின் மேல் நேராக விழும். அதற்கென்று ஆரஞ்சு மூடி தனியாகவே கிடைக்கிறது. கூரை விளக்குக்கோ, மருத்துவர் காலால் இயக்கும் சுவிட்சோடு இணைத்த மங்கலாக்கி ஒன்று போதும். கம்பி இழுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஃபால்ஸ் சீலிங் அடைத்த பிறகு சொன்னால் எலெக்ட்ரீஷியன் முகத்தைப் பார்க்க முடியாது.

நீலத்தை அடக்கியாயிற்று. அதன் கூடவே வரும் குறை சிவப்பு.

விளக்குக் கடையில் பல் மருத்துவமனைக்கு என்று கேட்டால், "சார், சிக்ஸ்டி ஃபைவ் ஹண்ட்ரட் போடுங்க, பளிச்சுனு இருக்கும்" என்பார்கள். பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் சாதாரண மஞ்சள் பூச்சு உமிழும் ஒளி 600 நானோமீட்டரைத் தாண்டும்போது சரிந்துவிடுகிறது. வாய்க்குள் இருப்பதெல்லாம் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம். எல்லாமே ரத்தத்தால் நிறம் பெற்றவை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர்களில் ஒளியை அதிகம் விழுங்குகிறது. 600-க்கு மேல் அநேகமாக விட்டுவிடுகிறது. ஆரோக்கியமான ஈற்றின் வெளிர் ரோஜா நிறத்துக்கும், வீங்கத் தொடங்கிய ஈற்றின் கருஞ்சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கமே இல்லாத விளக்கில் எல்லா ஈறும் சாம்பல் பூத்துத் தெரியும்.

விளக்கு நிறத்தை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று சொல்ல சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கிறது. எட்டு மங்கலான நிறங்களை அந்த விளக்கு எப்படிக் காட்டுகிறது என்று அளந்து எடுக்கும் சராசரி அது. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது, ஆர்9 என்பார்கள். சராசரியில் அது சேர்த்தியில்லை. எட்டுப் பாடத்தில் எண்பது வாங்கிய பையன் ஒன்பதாவது பாடத்தில் பூஜ்யம் வாங்கியதை மார்க் ஷீட்டில் போடாமல் விட்டதற்குச் சமம். பூஜ்யம் என்பது மிகையில்லை. சிஆர்ஐ 80 என்று அட்டையில் போட்ட எல்இடிகளில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பதும், சிலவற்றில் அதற்கும் கீழே போவதும் சகஜம். சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 குறைந்தது 50 என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரருக்கு ஆர்9 என்றால் என்னவென்று தெரியவில்லை என்றால் அதுவே போதுமான பதில்.

சிவப்பைச் சேர்க்க இரண்டு வழி. மஞ்சள் ஒளிர்பொருளோடு சிவப்பு உமிழும் நைட்ரைடு ஒளிர்பொருளையும் கலப்பது ஒன்று. வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே 630 நானோமீட்டர் சிவப்புச் சில்லுகளைப் பதிப்பது இன்னொன்று. எப்படிச் செய்தாலும் வாட்டுக்குக் கிடைக்கும் லூமென் குறையும், ஏனென்றால் ஆழ்ந்த சிவப்புக்கு நம் கண் மந்தம். மின்சாரக் கட்டணத்தை மட்டும் பார்த்து விளக்கு வாங்குபவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியலாம். ஆனால் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் நாட்டில் பல் மருத்துவர்தான் வாய்ப் புற்றுநோயின் முன் அறிகுறிகளை முதலில் பார்க்கும் வாய்ப்புள்ளவர். உள்கன்னத்தில் வரும் வெள்ளைத் திட்டு எந்த விளக்கிலும் கண்ணில் படும். சிவப்புத் திட்டு அப்படியல்ல. சிவந்த சதையின் மேல் இன்னும் கொஞ்சம் சிவப்பாக, வெல்வெட் போர்த்தியதுபோல் இருக்கும். வெள்ளையைவிட இந்தச் சிவப்புதான் புற்றாக மாறும் அபாயம் அதிகம் உள்ளது. சிவப்பே இல்லாத வெளிச்சத்தில் சிவப்பின் மேல் சிவப்பைத் தேடச் சொல்வது மருத்துவருக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தவர் நோயாளி. 1957-ல் ஜான் போர்டன் ஏரோட்டார் என்ற காற்றுச் சுழலியைக் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு 3,00,000 சுற்று. நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் எந்தக் கம்பெனிச் சுழலியையும் இன்றுவரை ஏரோட்டார் என்றே சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே முழுதாகச் சாயும் நாற்காலியும் வந்துவிட்டது. அதுவரை நோயாளி உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். 1958-க்குப் பிறகு அவர் பார்ப்பது கூரையை. கூரையில் இருப்பதோ விளக்கு.

இந்த மாற்றத்தை விளக்கு செய்பவர்கள் இன்னும் முழுதாக ஜீரணிக்கவில்லை. கடையில் கிடைக்கும் இரண்டுக்கு இரண்டடி பேனல் அலுவலகத்துக்கென்று பிறந்தது. கண்கூச்சத்தை அளக்கும் யுஜிஆர் என்ற எண்கூட, நேராகப் பார்த்தபடி இருப்பவரின் பார்வைக்குப் போட்ட கணக்கு. மல்லாந்து படுத்திருப்பவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. ஆகவே விளக்கைத் தனியாக வடிவமைத்துச் செய்துகொள்ள உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நோயாளியின் தலைக்கு நேர் மேலே எதையும் வைக்காமல், நாற்காலியின் இரு பக்கமும் நீளவாக்கில் அலுமினிய புரொஃபைல் விளக்குகளைத் தொங்கவிட்டு, ஒளியில் பெரும்பங்கை மேலே கூரைக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வரவைக்கலாம். கூரை மங்கல் வெள்ளையாக, மினுமினுப்பில்லாத பெயின்ட்டோடு இருக்க வேண்டும். அப்போது கூரை முழுவதுமே பெரிய, மென்மையான விளக்காகிவிடும். மருத்துவரின் கை நிழலும் கரைந்துபோகும்.

எவ்வளவு வெளிச்சம்? ஈஎன் 12464-1 என்ற ஐரோப்பியத் தரவிதி அறைக்குப் பொதுவாக 500 லக்ஸ், நோயாளி இருக்கும் இடத்தில் 1,000, வாய்க்குள் 5,000 என்கிறது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை என்றால் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். 500 லக்ஸுக்கு 5,500 லூமென் போதும்போல் தெரியும். ஆனால் சுவரும் கூரையும் தின்பது, தூசி படிவது, சில்லு வயதாவது எல்லாம் சேர்த்தால் பாதிதான் வேலை செய்யும் இடத்துக்கு வந்து சேரும். 11,000 லூமென் வைக்க வேண்டும். கூரையில் அடித்துத் திருப்பினால் இன்னும் கூட.

மருத்துவரின் கண்ணுக்கு லக்ஸைவிட விகிதம் முக்கியம். வாய்க்குள் 20,000, கருவித் தட்டில் 500 என்றால் நாற்பதுக்கு ஒன்று. ஒவ்வொரு முறை தட்டுக்குப் பார்வை போகும்போதும் கண் தடுமாறும். திரும்ப வாய்க்கு வரும்போது கூசும். நாள் முழுக்க இப்படிப் போய் வந்தால் சாயங்காலம் தலைவலி நிச்சயம். தட்டின் மேல் 2,000 லக்ஸ் விழும்படி செய்தால் விகிதம் பத்துக்கு ஒன்றாக இறங்கும். அறுபது வயது மருத்துவரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயது உதவியாளருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. பெரியவர் "லைட்டு பத்தல" என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

நாற்காலி விளக்கின் சாமர்த்தியம் அது வெளிச்சத்தை வெட்டும் விதத்தில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 9680 விதிப்படி, ஒளி விழும் இடத்தின் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் மேலே 1,200 லக்ஸைத் தாண்டக் கூடாது. வாயிலிருந்து கண்ணுக்கு உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான்கு விரற்கடைக்குள் 20,000-லிருந்து 1,200-க்கு இறங்க வேண்டும். அதே சமயம் மருத்துவரின் தலை குறுக்கே வந்தாலும் நிழல் விழக் கூடாது. அதனால் ஒரே சில்லை வைக்காமல், பலவற்றை அகலமாகப் பரப்பி, ஒவ்வொன்றும் அதே சிறு செவ்வகத்தை ஒளியூட்டும்படி தனித்தனி எதிரொளிப்பான் வைக்கிறார்கள். தலை ஒன்றை மறைத்தால் மற்றவை ஈடுகட்டும். இதை உள்ளூர்ப் பட்டறையில் செய்யப் பார்க்காதீர்கள். கூரை விளக்கைச் செய்துகொள்ளலாம். நாற்காலி விளக்கை வாங்கத்தான் வேண்டும்.

மினுக்கல் பற்றி ஒரு வார்த்தை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விலை மலிவான பேனல்கள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரியும். மலிவான மங்கலாக்கிகள் விளக்கைப் படபடவென்று அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. விநாடிக்கு 200 துடிப்பு, ஒவ்வொன்றும் அரை மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் மைக்ரோமோட்டார் அந்த அரை மில்லிவிநாடியில் 18 பாகைதான் திரும்பும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே சரியாக அரைச் சுற்று. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் முனை நின்றுகொண்டிருப்பதாகவே தெரியும். ஏரோட்டாருக்கு இந்த மாயம் பலிக்காது. அரை மில்லிவிநாடியில் இரண்டரைச் சுற்று சுற்றிவிடும். மின்னோட்டத்தைச் சீராகக் குறைக்கும் டிரைவர் போட்டால் தீர்ந்தது. கடையிலேயே செல்பேசியின் ஸ்லோமோஷனில் விளக்கைப் படமெடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மீதி இருப்பது நிறம் பார்ப்பது. கேப் போடும்போது லேபுக்கு எந்த ஷேட் என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-ல் கொண்டுவந்த, ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள் கொண்ட பல் வரிசைதான் இன்றும் பலருக்கு அளவுகோல். இதற்கு 20,000 லக்ஸ் ஆகாது. அந்த வெளிச்சத்தில் ஏ1-க்கும் ஏ2-க்கும் வித்தியாசம் கரைந்துவிடும். நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு, கூரை விளக்கின் 5,500 முதல் 6,500 கெல்வினில் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும் வரவேற்பறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது மட்டும் தனியாத் தெரியுதே" என்று நோயாளி திரும்பி வருவது வழக்கமான கதை. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு பொருள்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியும், ஏனென்றால் பீங்கானும் பல்லும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு. அதனால் கேப்பை ஒட்டும் முன் அந்தக் கண்ணாடிக்கும் ஒருமுறை அழைத்துப்போவது நல்லது. இயற்கைப் பல் புறஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும். சாதாரண வெள்ளை எல்இடியில் புறஊதா இல்லாததால் கேப் ஒளிர்கிறதா என்று அங்கே தெரியாது. கல்யாண வரவேற்பின் டிஜே விளக்கில் தெரிந்துவிடும்.

வடக்குச் சன்னல் வெளிச்சமே சிறந்தது என்று பழைய பாடங்கள் சொல்லும். லண்டனுக்கு அது சரி. 13 பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கே இருக்கும். பங்குனி பாதியிலிருந்து ஆவணி முடியும்வரை காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்குச் சன்னல் வழியாகவே உள்ளே வரும், மஞ்சளாக. சன்னலில் திரை போட்டுவிட்டு விளக்கை நம்புவதுதான் வழி. உதட்டுச் சாயத்தைத் துடைத்து, பளபளக்கும் புடவையின் மேல் சாம்பல் நிறத் துணியைப் போர்த்தி, ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காமல் ஷேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் சிகிச்சை தொடங்கும் முன். வாயைத் திறந்து வைத்தபடி வேலை நடந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். அதற்குப் பிறகு எந்த விளக்கைப் போட்டுப் பார்த்தாலும் லேபுக்குப் போவது தவறான நிறம்தான்.